நான்கு மணிக்குப் பிறகு வந்தவர்கள்

மைசூர் மைன்ஸ்
27 ஜனவரி 2025, திங்கள்

சஞ்சய் அவர்களுக்கு,

அன்புள்ள கணவருக்கு என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. உங்கள் நம்பரை நான்தான் பிளாக் செய்தேன். போனில் கேட்டால் மீட்டிங் என்பீர்கள், சிக்னல் இல்லை என்பீர்கள், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் கேட்டால் கேள்வி அங்கேயே கிடக்கும். வால்டர் அண்ணன் தினமும் பெங்களூர் போய் வருகிறவர், உங்களோடு ஐந்து வருடம் அதே ரயில் வண்டியில் சீட்டாடியவர். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நம் லைன் வீட்டுத் தெருவில் ஒரு வேன் வந்தது. இரண்டு பேர் இறங்கி, பக்கத்து வீட்டு மரியகுழந்தை தாத்தாவின் ஆக்சிஜன் மெஷினைக் கழற்றினார்கள். முப்பத்தொரு வருடம் தங்கச் சுரங்கத்தில் கல்தூசியைக் குடித்த நெஞ்சு அது. மெஷின் இல்லாமல் அவரால் வாசல்வரை நடக்க முடியாது. அவர் மனைவி கரோலின் அம்மா குறுக்கே போய் நின்றார். "ஆர்டர் பந்திதெ அம்மா" என்று கன்னடத்தில் சொல்லி, வந்த ஆர்டர் இதுதான் என்று ஒரு தாளை நீட்டினார்கள். தாளில் மரியகுழந்தை பெயருக்கு நேராக 'நபர் இல்லை' என்று அச்சடித்திருக்கிறது. அந்த நபர் கட்டிலில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கீறேன்பா" என்றார். அதற்கு ஒருவன் சிரித்தான்.

மெஷினை இரவலாகக் கொடுக்கும் டிரஸ்ட்டின் விதி உங்களுக்குத் தெரியும். மெஷின் வாங்கியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை சாம்பியன் ரீப்ஸில் இருக்கிற டிரஸ்ட் கௌண்டருக்கு வந்து, உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைக்க வேண்டும். வராதவர்களின் மெஷின், வரிசையில் காத்திருப்பவர்களுக்குப் போகும். இந்த வருடக் கடைசி நாள் ஜனவரி பத்து, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை வரை. கௌண்டரில் இருந்தது நான். தாத்தாவை ஆட்டோவில் சின்ன சிலிண்டரோடு கொண்டுவந்தோம். நான்தான் அவர் கட்டைவிரலைப் பிடித்து வைத்தேன். திரையில் பச்சை வந்தது. "நான் உயிரோட கீறேன்னு எழுதிக்கினியாம்மா?" என்று கேட்டார். எழுதிட்டேன் தாத்தா என்றேன்.

இப்போது நான் எழுதிய சுவடே இல்லையாம். அவர் மட்டும் இல்லை, பதினேழு பேர். டிரஸ்ட் சூப்பர்வைசர் தாமோதரன் சார் என்னைக் கூப்பிட்டு, "கௌண்டரை முன்னாடியே மூடிட்டுப் போயிட்டீங்களா மேடம்? உண்மையைச் சொல்லுங்க" என்றார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று தாள் கொடுத்துவிட்டார்கள். மூச்சு வாங்க வந்த கிழவர்களைத் துரத்திவிட்டு வீட்டுக்குப் போனவள் என்று லைன் முழுக்க எனக்குப் பெயர். குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கிறது.

கௌண்டரில் ஓடும் சாஃப்ட்வேர் உங்கள் கம்பெனியுடையது. எழுதியவர் நீங்கள். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நீங்கள். என் பதினேழு பதிவும் எங்கே போயின என்று சொல்லுங்கள். பொங்கலுக்கு மறுநாள் கிளம்பியவர் ஏன் கம்பெனி கெஸ்ட் ஹவுஸிலேயே தங்கிவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தாரா


பெங்களூர்
29 ஜனவரி 2025

அன்புள்ள தாரா,

கடிதம் கிடைத்தது. முதலில் நீ பதற்றப்படாதே. ப்ராஜெக்ட் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது, அதனால்தான் இங்கே தங்கியிருக்கிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பதிவுகளைப் பற்றி. சாம்பியன் ரீப்ஸில் இன்டர்நெட் எப்படி என்று உனக்கே தெரியும். பச்சை வந்திருக்கலாம், ஆனால் தகவல் இங்கே வந்து சேராமல் இருந்திருக்கலாம். அல்லது கூட்டத்தில் நீ 'சேமி' அழுத்த மறந்திருக்கலாம். மனிதர்கள்தானே, தப்பில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் இந்தத் தவறு நடக்கவே முடியாது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வராதவர்களை நீக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. அது பட்டியலை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போகும். அந்த விரலுக்குக் கர்சர் என்று பெயர். வேலை முடிந்ததும் கமிட், அதாவது முத்திரை. முத்திரை விழுந்த கணமே விரலை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் அடுத்த வரியைக் கேட்டால் டேட்டாபேஸே பிழை சொல்லி நிறுத்திவிடும். 'ஹோல்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் முத்திரைக்குப் பிறகும் விரல் நிற்கும்தான். ஆனால் அப்போது அது படிப்பது ஆரம்பத்தில் எடுத்துவைத்த பழைய நகலை. நடுவில் யார் எதைத் திருத்தினாலும் அதன் கண்ணில் படாது. பெரிய ஆபத்து. அதனால் எங்கள் ஆபீஸில் அந்தச் சொல்லுக்கே தடை. தடை விதியை எழுதியது நான். அந்தச் சொல் இருக்கிற எந்தப் புரோகிராமும் உள்ளே ஏறாதபடி காவல் வைத்ததும் நான். போன மாதம் புதுப்பையன் விநாயக்குடையதை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். பாவம், அழுதுவிட்டான். விதி விதிதான்.

நான் சொல்கிறதைக் கேள். 'கவனக்குறைவாக நடந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று தாமோதரன் சாருக்கு நான்கு வரி எழுதிக் கொடு. அவர் நல்ல மனிதர், ஒரு மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார். பெரியவருக்கு அதற்குள் வேறு ஏற்பாடு ஏதாவது பார்க்கச் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
சஞ்சய்


மைசூர் மைன்ஸ்
31 ஜனவரி 2025

சஞ்சய்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்துவிட்டுக் கை கழுவினேன். நிஜமாகவே கழுவினேன், சோப்புப் போட்டு.

நான் மன்னிப்பு எழுத வேண்டுமா? 'சேமி' அழுத்த மறந்தேனா? பதினேழு தடவையா?

நம் ஊர்க் கிழவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நீங்கள் மறந்துவிட்டீர்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு, சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறி, மேலே வந்ததும் டோக்கனைக் கொடுத்துப் பழகியவர்கள். திரையில் பச்சை வந்தால் அவர்களுக்குப் போதாது. கையில் ஒரு சீட்டு விழுந்தால்தான் கௌண்டரை விட்டு நகர்வார்கள். அதனால் வந்த ஒவ்வொருவருக்கும் காலண்டர் தாளைக் கிழித்து, பதிவு எண், நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். தாமோதரன் சாரிடம் சொன்னேன். "அதை நீங்க நேத்து கூட எழுதியிருக்கலாமே மேடம்" என்றார். சரி, அவருக்கு அது சாட்சியில்லை. எனக்கு அது போதும்.

இரண்டு நாளாக வீடு வீடாகப் போனேன். சிலர் முதலில் கதவைத் திறக்கவில்லை. தாயம்மா என் முகத்துக்கு நேராகத் துப்பினாள், அவள் புருஷன் மெஷினும் போய்விட்டது. அதையும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வாங்கிவந்த எல்லாச் சீட்டையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். நான்கு மணிக்கு முன்னால் வந்தவர்களில் ஒருவர்கூட அழியவில்லை. நான்கு மணிக்குப் பிறகு வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் பதினேழு பேர் 'இல்லை'. மிச்சம் ஆறு பேர் பிழைத்திருக்கிறார்கள். அந்த ஆறு பேரின் பதிவு எண்ணும் சின்ன எண்.

இன்னும் கேளுங்கள். பிழைத்த அந்த ஆறு பேருக்கும், 'நீங்கள் வராததால் நீக்கப்பட்டீர்கள்' என்று டிரஸ்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பட்டியலில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அந்தக் கடிதம் ஏன் அச்சாக வேண்டும்? ஏதோ ஒன்று ஒன்றாம் எண்ணிலிருந்து நடந்து வந்திருக்கிறது. அது தாண்டிப் போன பிறகு நான் பதிந்தவர்கள் தப்பித்தார்கள். அது வருவதற்கு முன்னால் நான் பதிந்தவர்களை அது வந்து அழித்துவிட்டுப் போயிருக்கிறது. நான் கௌண்டரில் உட்கார்ந்திருக்கும்போதே இது நடந்திருக்கிறது.

பழைய நகலைப் படிக்கிற விரல் என்று எழுதினீர்களே, எனக்குப் புரிகிற மாதிரி. நன்றாகவே புரிந்தது.

பத்தாம் தேதி நான்கு மணிக்கு என்ன செய்தீர்கள்? சாயங்கால வண்டியில் நீங்கள் ரம்மியில் தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்ததாக வால்டர் அண்ணன் சொன்னார். வீட்டுக்கு வந்து, மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினேன். அதை நினைத்தால் என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தாத்தாவை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெட் இல்லை, வராந்தாவில் கிடக்கிறார்.

தாரா


பெங்களூர்
3 பிப்ரவரி 2025

தாரா,

நான்தான்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. நீ இவ்வளவு தூரம் போவாய் என்று நினைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

விதிப்படி அந்தப் புரோகிராமைக் கௌண்டர் மூடிய பிறகுதான் ஓட்ட வேண்டும். ஐந்தரைக்கு ஆரம்பித்தால் முடிய ஏழரை ஆகும். ஒவ்வொரு பெயருக்கும் கடிதம் அச்சடிப்பதால் அவ்வளவு மெதுவு. முடியும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இருந்தால் சாயங்கால வண்டி போய்விடும். அதனால் நான்கு மணிக்கே ஓட்டினேன். கடைசி நாளில், அதுவும் கடைசி நேரத்தில், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

முதலில் ஒழுங்கான முறையில்தான் ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஓட்டினால் முத்திரை விழும்வரை எல்லா வரியும் பூட்டிக்கொள்ளும். உன் திரை உறைந்துபோகும், நீ உடனே போன் செய்வாய். அதனால் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் முத்திரை போடும்படி மாற்றினேன். முதல் முத்திரையோடு விரல் மூடிக்கொண்டது, டேட்டாபேஸ் பிழை காட்டியது. அது சரியாகத்தான் சொன்னது. நான் 'ஹோல்ட்' சேர்த்தேன். எங்கள் காவல் தடுத்தது. விலக்குப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, திறவுகோல் என்னிடம்தான். அதில் என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். புரோகிராமை ஓடவிட்டு, மிச்சம் தானாக முடியும் என்று ஐந்தே காலுக்கு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன். அது பழைய வரிகளை அப்படியே திருப்பி எழுதியதில் உன் பதிவும் போயிற்று, நீ பதிந்தாய் என்ற குறிப்பும் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை, பதின்மூன்றாம் தேதி காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பதிவு குறைகிறதே என்று மேனேஜர் கேட்டார். 'ஆப்பரேட்டர் பக்கம் பாருங்கள்' என்று வாயில் வந்துவிட்டது. ஆப்பரேட்டர் நீ என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இல்லை, பொய். சொல்லும்போதே தெரியும். நீ என் மனைவி, எப்படியாவது சமாளித்துக்கொள்வாய், வெளியாளாக இருந்தால் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். பொங்கல்வரை எப்படியோ சமாளித்தேன், அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து உன் முகத்தில் முழிக்க முடியவில்லை.

உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. விலக்குப் பட்டியலில் நானே என் பெயரைப் போட்டது தெரிந்தால் இந்தத் துறையில் யாரும் என்னை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். நான் பதினேழு வரிகளையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறேன். உன் பெயரோடு, பழைய நேரத்தோடு. ஏதோ கோளாறு, தானாகச் சரியாகிவிட்டது என்று டிரஸ்ட் நினைத்துக்கொள்ளும். உன் வேலை திரும்பக் கிடைக்கும், மெஷின்களும் திரும்பிப் போகும். யாருக்கும் நஷ்டமில்லை.

படித்ததும் கிழித்துவிடு.

சஞ்சய்


மைசூர் மைன்ஸ்
4 பிப்ரவரி 2025, காலை

சத்தமில்லாமல் வேண்டாம். என் பெயரில் நீங்கள் எதையும் எழுத வேண்டாம். தாமோதரன் சாருக்குப் போன் செய்து உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னால் அவரே இன்றைக்கு ஒரு மெஷினை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அவர் கையில் இரண்டு இருக்கிறது, காரணம் இல்லாமல் கொடுக்கமாட்டார். ஒரு போன், அவ்வளவுதான்.

வால்டர் அண்ணன் வண்டிக்குப் போகிற அவசரத்தில் நிற்கிறார். இதற்கு மேல் எழுத நேரமில்லை.

தாரா


பெங்களூர்
5 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரா,

உன் சீட்டு கிடைப்பதற்கு முன்பே, திங்கட்கிழமையே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். பதினேழு பேரும் இப்போது 'உயிருடன்'. உன் பெயர், நேரம் எல்லாம் நீ அன்றைக்குப் பதிந்த மாதிரியே. இனி யாருக்கும் போன் செய்து பழையதைக் கிளற வேண்டிய அவசியமே இல்லை. மரியகுழந்தை பெயருக்கு டெலிவரி ஆர்டர் போயிருக்கிறது, வேன் இன்றைக்கே வரும். நான் சொன்னேன் அல்லவா, பொறுமையாக இருந்தால் எல்லாம் வழிக்கு வரும்.

சனிக்கிழமை வரலாம் என்று நினைக்கிறேன். நம்பரைத் திற.

உன் சஞ்சய்


மைசூர் மைன்ஸ்
7 பிப்ரவரி 2025, வெள்ளி

சஞ்சய் அவர்களுக்கு,

வேன் வந்தது. புதன்கிழமை மதியம், அதே இரண்டு பேர். வாசலில் பந்தல் போட்டிருந்ததால் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோயிலிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். மரியகுழந்தை தாத்தா பெட்டிக்குள் இருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போய்விட்டார்.

அவர்கள் தாளை நீட்டி, "மரியகுழந்தை யாரு? கையெழுத்துப் போடணும்" என்றார்கள். அன்றைக்குச் சிரித்தவன்தான் முதலில் பெட்டியைப் பார்த்தான். மெஷினைப் பூமாலைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து போனான். தாளில் 'உயிருடன்' என்று இருந்தது. கீழே என் பெயர். உயிரோடு இருந்தபோது இல்லை என்றீர்கள், இல்லாதபோது இருக்கிறார் என்கிறீர்கள். இரண்டையும் என் தலையில் எழுதினீர்கள். த்தூ.

அவர் நெஞ்சு ஏற்கெனவே கல்லாகிக் கிடந்ததுதான். இன்னும் ஒரு வருடமோ, ஒரு மாதமோ. டாக்டரும் அதைத்தான் சொன்னார். பதின்மூன்று நாள் அந்த மெஷின் இல்லாமல் அவர் மூச்சுக்கு அடித்துக்கொண்டார், ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை எட்டு ராத்திரி அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டவள் நான். அந்தச் சத்தத்தை நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஏதாவது காரணம் சொல்வீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்தீர்கள், விநாயக்கை அழவிட்டீர்கள். அதைக்கூட விட்டுவிடலாம். ஜனவரி பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை பௌர்ணமி. ஆபீஸிலிருந்து நேராக நம் புத்த விஹாருக்கு வந்தீர்கள். காலையிலேயே தெரிந்துவிட்டது என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து கைகூப்பி, பொய் பேச மாட்டேன் என்று எல்லாரையும்விட உரக்கப் பஞ்சசீலம் சொன்னீர்கள். அந்தக் குரலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு தவறு செய்தவனோடு குடித்தனம் நடத்தலாம். இதோடு எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

கிழிக்கச் சொன்னீர்கள். ஜெராக்ஸ் எடுத்தேன். நேற்று ஒன்றைத் தாமோதரன் சார் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "இது டெக்னிகல் மேட்டர் மேடம், நாம உள்ளேயே பேசிக்கலாம்" என்றார். பதினேழு வீட்டுக்கும் இதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் மேடம் என்று கூப்பிடவில்லை, வாம்மா, உட்காரு என்றார். திங்கட்கிழமை கௌண்டருக்கு வரச் சொன்னார். உங்கள் கம்பெனிக்கும் ஒரு நகல் அவரே அனுப்பிவிட்டார். இந்நேரம் உங்கள் மேனேஜர் கையில் இருக்கும். நான் வேலைக்குப் போவேன். மிச்சம் பதினாறு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கையால் பதிந்து, கையால் சீட்டுக் கொடுக்க வேண்டும். தாயம்மா நேற்று வந்து வாசலில் நின்றாள். ஒரு டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போனாள்.

நாளை நீங்கள் வர வேண்டாம். வந்தால் எந்த வீட்டுக்கு வருவீர்கள்? சாவியை மாற்றவில்லை, நான் அப்படிப்பட்டவள் இல்லை. கதவைத் திறந்து உங்களுக்குச் சோறு போட என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

கரோலின் அம்மாவிடம்தான் கடைசியாகப் போனேன். அவருக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் கண் சரியில்லை. அதனால் நானே உங்கள் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். கர்சர், முத்திரை, பூட்டு என்றெல்லாம் வந்தபோது நிறுத்தி விளக்கினேன். அவர் தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து, மடித்த போர்வையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அழுவார், சாபம் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கட்டும், நானும் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த வண்டிய உட்டா, அப்பால வேற வண்டி இல்லியாம்மா?"

எட்டு மணிக்கு ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அதில் வால்டர் அண்ணன் துண்டு போட்டு உங்களுக்கு இடம் பிடித்து வைக்கமாட்டார், பங்காருபேட்டை வரை நின்றுகொண்டுதான் வர வேண்டும். அதை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாரா